கப்பலுக்கு முந்தி வந்த ஓலை

திண்டுக்கல்
9 ஜூன் 2024

அன்புள்ள அத்தானுக்கு,

எனக்கு எந்த மீன் பிடிக்கும் என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். யோசித்துப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை. கல்லூரியில் விலங்கியல் நடத்திச் சம்பளம் வாங்குகிறவள் இப்படிச் சொல்வது வெட்கம்தான். ஆனால் சும்மா ஒரு மீனின் பெயரை எழுதிவைக்க மனம் வரவில்லை. எங்கள் வீட்டில் மீன் வருவது வெள்ளிக்கிழமை, இறைச்சி தவிர்க்கும் சுத்தபோசனத்துக்காக. ஆத்தூர் அணை மீன், இல்லாவிட்டால் ராமேசுவரத்திலிருந்து ஐஸ் பெட்டியில் வருவது. நடுத்துண்டு தம்பி பிராங்கிளினுக்கும் பிள்ளைகளுக்கும் போகும். மிச்சத்தை நானும் அவன் மனைவி ஷைனியும் பங்கிட்டுக்கொள்வோம். இதில் யாரும் யாரிடமும் பிடிக்குமா என்று கேட்பதில்லை.

ஈஸ்டர் கழிந்து, அத்தையின் கல்லறையைச் சாமியாரைக் கொண்டு மந்திரிக்க வந்து தங்கியபோதும் சாப்பாட்டு மேசையில் இதையே கேட்டீர்கள். ஷைனி சிரித்தாள். நான் தண்ணீர் எடுக்க எழுந்து போய்விட்டேன்.

போனில் பேசினால் ஆகாதா என்கிறான் பிராங்கிளின். எங்கள் வீட்டில் சிக்னல் கிடைப்பது ஹாலில் மட்டும். உங்களுக்குப் படகுத்துறையில் மட்டும். இரண்டுமே பத்துப் பேர் நிற்கும் இடம். கடிதமே போதும். பாத்திமா அக்கா இருந்தவரை உங்கள் வீட்டுக் கடிதங்களை அவர்தான் எழுதுவார். இத்தனை வருடத்தில் உங்கள் கையெழுத்தை இப்போதுதான் பார்க்கிறேன்.

முதுகுவலி எப்படி? படகு ஓட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மூட்டை தூக்க வேறு ஆள் இருக்கட்டும். இங்கே அனைவரும் நலம்.

அன்னாள்

*

ரங்கத் வழி, மத்திய அந்தமான்
30 ஜூன் 2024

அன்புள்ள அன்னாளுக்கு,

நான் சுகம். முதுகும் சுகம். இஞ்சினுக்குத்தான் இருமல். மழை பிடித்துக்கொண்டதால் படகு ஒரு நாள் ஓடினால் ஒரு நாள் கட்டிக் கிடக்கிறது. அதனால் இந்தக் கடிதம் எப்போது கிளம்பும் என்று எனக்கே தெரியாது.

உன் பதிலைக் கிதர் முகம்மதுவிடம் சொன்னேன். படகில் கயிறு பிடிப்பவர். அடுப்பும் அவர் பொறுப்பு. தொண்டிப் பக்கத்துக்காரர். படகோட்டி என்பதால் என்னைச் சிராங்கு என்றுதான் கூப்பிடுவார். "ஏ அப்பா, அம்பது வயசுல எந்த மீனு பிடிக்கும்னு தெரியாத பொம்பளயா? கூட்டியாங்க சிராங்கு. ஒரே வாரத்துல வாயால சொல்ல வைக்கிறேன்" என்றார். ஐம்பது என்று நான் சொல்லவில்லை. அவராகப் போட்டுக்கொண்டார்.

போன வாரம் நடுக்கடலில் கோலா மீன் கூட்டமாகப் பறந்தது. இரண்டு மூன்று படகுக்குள்ளேயே வந்து விழுந்தன. முதுகு அப்படி ஒரு நீலம். உப்பும் மிளகும் மட்டும் தடவி, தேங்காய் எண்ணெயில் கிதர் பொரித்தார். முள் அதிகம். ஆனால் பொரித்த செட்டையைக் கடித்தால் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. தட்டில் ஒன்று மிஞ்சியது. யாருக்கு வைத்தோம் என்று தெரியாமல் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் கிதர் தின்றார்.

டிசம்பரில் கடல் கொஞ்சம் அடங்கும். உனக்கு லீவு உண்டா?

இங்கே எல்லாரும் நலம் என்று எழுத வேண்டும். எல்லாரும் என்றால் நான்தான்.

ராயப்பராஜ்

*

திண்டுக்கல்
21 ஜூலை 2024

அன்புள்ள அத்தானுக்கு,

கோலா மீன் பறப்பதில்லை. வாலால் தண்ணீரை உதைத்து எழும்பி, செட்டையை விரித்துக் காற்றில் சறுக்குகிறது. இதை இருபது வருடத்துக்கு மேல் கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். எங்கள் ஆய்வகத்தில் ஒரு கண்ணாடி ஜாடியில் அது இருக்கிறது. ஃபார்மலினில் ஊறி வெள்ளைவெளேரென்று ஆகிவிட்டது. நீலம் என்று புத்தகத்தில் இருந்ததால் நானும் நீலம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் வந்த மறுநாள் ஜாடியை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

டிசம்பர் பற்றி மேசையில் பேச்சு வந்தது. நான் எடுக்கவில்லை, உங்கள் கடிதம் வந்ததைப் பார்த்து ஷைனி கேட்டாள். "எக்கா, அந்தமானுக்கெல்லாம் ஹனிமூன் போறவுகதான் போவாக" என்றான் பிராங்கிளின். பிள்ளைகள் சிரித்தன. ஷைனி சிரிக்கவில்லை. "மதினி அங்க போய் யாரு வீட்டுல தங்குவாக?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். நீங்கள் அத்தை மகன் என்பது ஊருக்குத் தெரியும். பாத்திமா அக்கா போன பிறகு மனைவி இல்லாதவர் என்பதும் தெரியும்.

ஆகவே என்னால் வர முடியாது. தேர்வுத்தாள் திருத்தும் வேலையும் அந்தச் சமயத்தில்தான் வரும்.

இங்கே வெயில் போகவில்லை. ஆடிக் காற்றில் மண் மட்டும் வருகிறது. எல்லாரும் நலம். இஞ்சின் இருமல் சரியானதா?

அன்னாள்

*

ரங்கத் வழி
25 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அன்னாளுக்கு,

உன் கடிதம் தாமதமாகக் கிடைத்தது. கப்பல் வரவில்லை. இஞ்சின் சரியாகிவிட்டது. உனக்குச் சளி பிடிக்கும் மாதம் இது; கவனமாக இரு.

நீ வரவில்லை, சரி. வந்திருந்தால் எப்படிக் கூட்டிப் போயிருப்பேன் என்று மட்டும் எழுதுகிறேன். படிப்பதால் யாருக்கும் நஷ்டமில்லை.

போர்ட் பிளேரில் இறங்கியதும் அங்கே தங்காமல் நீல் தீவுக்குக் கப்பல் ஏறுவோம். சின்னத் தீவு. காலையில் தண்ணீர் உள்வாங்கும்போது பாறைக் குழிகளில் உன் ஜாடிகளில் இருப்பதெல்லாம் உயிரோடு கிடக்கும். தொடாதே, சில கொட்டும். பசித்தால் படகுத்துறை அருகே கணவாயை மிளகாய் போட்டு வதக்கித் தருகிற கடை இருக்கிறது. கூடச் சோறும் அந்த மண்ணில் விளைந்த கத்திரிக்காயும்.

அடுத்தது ஹேவ்லாக். கூட்டம் அதிகம். சிங்கி இறாலை வெண்ணெயில் குளிப்பாட்டி வெள்ளைத் தட்டில் வைப்பார்கள். அதை வேடிக்கை மட்டும் பார்ப்போம். மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு வங்காளி அம்மா கடுகை அரைத்து ஊற்றிப் பாறை மீன் குழம்பு வைப்பார். முதல் வாய்க்கு மூக்கில் ஏறும். கண்ணில் தண்ணீர் வந்தால் கடுகு என்று சொல்லிக்கொள்ளலாம்.

அங்கிருந்து என் படகு. எங்கள் தீவுக்கு வரும் வழியில் அலையாத்திக் காட்டுக்குள் ஓர் ஓடை போகும். வேர்களில் சிப்பி ஒட்டியிருக்கும். சேற்று நண்டு பிடிக்கிற ராஞ்சிக்காரர் ஒருவர் அங்கே உண்டு. கிதர் அந்த நண்டை உடைத்து, தேங்காய்ப்பாலும் மிளகும் போட்டுக் காய்ச்சுவார். ஓட்டை உறிஞ்சும் சத்தம் கேட்டால் வெட்கப்படக் கூடாது. எல்லாரும் அப்படித்தான்.

எங்கள் தீவைத் தாண்டி இன்னொரு தீவு இருக்கிறது. ஆள் கிடையாது. மணலும் மரமும்தான். காலையில் போய் மாலையில் திரும்பிவிட வேண்டும். அங்கே தூண்டிலில் கிடைப்பதை வாழையிலையில் சுற்றிக் கங்கில் போடுவோம். என்ன கிடைக்கும் என்று சொல்ல முடியாது. சில நாள் ஒன்றும் கிடைக்காது. அதற்காகக் கட்டுச்சோறும் எடுத்துக்கொள்வோம்.

அந்தத் தீவில் இதுவரை யாரோடும் போய் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. பாத்திமாவுக்குப் படகு ஒத்துக்கொள்ளாது, ஏறினால் வாந்தி. பாவம், கரையிலேயே இருப்பாள்.

ராயப்பராஜ்

*

திண்டுக்கல்
15 செப்டம்பர் 2024

அன்புள்ள அத்தானுக்கு,

நலம். சளி இல்லை.

சில விவரங்கள் தேவை. ஓடைக்குள் போகும் படகில் ஏணி உண்டா, இல்லை குதித்து ஏற வேண்டுமா? எனக்கு வலது முழங்கால் சரியில்லை. பாறைக் குழிகளில் நடக்க ரப்பர் செருப்பு போதுமா? நனைந்த சேலை அந்த ஊர்க் காற்றில் எவ்வளவு நேரத்தில் காயும்?

கடைசிக் கேள்விக்குக் காரணம் உண்டு. எங்கள் துறையின் ஆய்வக உதவியாளர் முனீஸ்வரிக்குச் சின்னாளப்பட்டி. வீட்டில் தறி. போன வாரம் அவளிடம் லேசான சுங்குடிச் சேலை ஒன்று வாங்கினேன். "டீச்சருக்கு எதுக்கு இம்புட்டுப் பச்சை? எப்பவும் சாம்பலும் காவியும்தான கட்டுவீக" என்றாள். சீக்கிரம் காயும் என்றதால் வாங்கினேன் என்று சொன்னேன். "எங்க போறீக?" என்றாள். எங்கேயும் இல்லை என்றேன். அது உண்மைதான்.

வருகிறேன் என்று நான் எழுதவில்லை. கேட்டு வைக்கிறேன், அவ்வளவுதான். எனக்குப் படகு ஒத்துக்கொள்ளுமா என்பதும் தெரியாது. கொடைக்கானல் பஸ்ஸில் ஒத்துக்கொள்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்னாள்

*

ரங்கத் வழி
6 அக்டோபர் 2024

அன்புள்ள அன்னாளுக்கு,

நான் சுகம். கப்பல் கிளம்பப்போகிறது, அவசரமாக எழுதுகிறேன். ஏணி உண்டு. இல்லாவிட்டாலும் செய்துவிடலாம். ரப்பர் செருப்பு வழுக்கும். பின்னால் வார் வைத்தது வேண்டும். சேலை, வெயில் இருந்தால் மதியத்துக்குள் காய்ந்துவிடும்.

இந்த மாதப் பூசைக்குச் சாமியார் வந்தபோது அவரிடம் ஒரு விஷயம் பேசினேன். உன்னிடம் முதலில் கேட்டிருக்க வேண்டியது. ஒழுங்காக எழுதுவதற்கு எனக்கு நேரம் வேண்டும். அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

ராயப்பராஜ்

*

திண்டுக்கல்
3 நவம்பர் 2024

அன்புள்ள அத்தானுக்கு,

அடுத்த கடிதம் வரவில்லை. வங்கக்கடலில் புயல், தீவுகளுக்குக் கப்பல் ஓடவில்லை என்று செய்தியில் பார்த்தேன். ஹாலிலேயே நின்று உங்கள் எண்ணுக்கு அழைத்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மறுபடியும் அழைத்தேன். ஷைனி டி.வி.யின் சத்தத்தைக் குறைத்தாள்.

என்ன விஷயம் என்று இப்போது கேட்கவில்லை. நலமாக இருக்கிறேன் என்று ஒரு வரி போதும்.

அன்னாள்

*

திண்டுக்கல்
17 நவம்பர் 2024, ஞாயிறு

திரு. ராயப்பராஜ் அவர்களுக்கு,

நீங்கள் உயிரோடு இருப்பது இன்று காலை இரண்டாம் பூசையில் தெரிந்தது.

பிரசங்கம் முடிந்து உபதேசியார் கல்யாண ஓலைகளை வாசித்தார். மூன்று ஞாயிறு பெயர்களைச் சொல்லி, தடை தெரிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று ஊரைக் கேட்கிற அதே ஓலைதான். முதல் இரண்டும் சின்னப் பிள்ளைகள். மூன்றாவதாக, "அந்தமான் மறைமாவட்டத்தைச் சேர்ந்த ராயப்பராஜ் என்பவருக்கும், நமது பங்கைச் சேர்ந்த காலஞ்சென்ற சூசைமாணிக்கம் மகள் அன்னாள் என்பவருக்கும். இது முதல் ஓலை" என்றார். ஒலிபெருக்கி கோயில் வாசலுக்கு வெளியேயும் கேட்கும்.

ஷைனி என் கையைப் பிடித்தாள். "மதினி, எங்களுக்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!" என்றாள். எனக்கே யாரும் சொல்லவில்லை என்று எப்படிச் சொல்வது? முன் வரிசைகள் எல்லாம் திரும்பின. என் மாணவிகள் இருந்தார்கள். பிராங்கிளின் தலையைத் தூக்கவே இல்லை. வீட்டுக்கு வந்த பிறகு, "நல்லதுதாங்க்கா. ஆனா இப்படியா?" என்று மட்டும் சொன்னான்.

பூசை முடிந்ததும் உபதேசியாரிடம் போனேன். "மாப்பிள்ளையோட தீவுச் சாமியாரு மெயில் அனுப்பிருக்காரும்மா. பேரு, ஞானஸ்நானம், தடை எதும் உண்டான்னு எல்லாம் கேட்டிருக்காரு. ஓலைக்குத்தானேன்னு வாசிச்சிட்டேன். பெண்ணு கேட்டிருக்கும்னு நினைச்சேன்" என்றார். பெண்ணு கேட்கவில்லை. பெண்ணிடம் யாரும் கேட்கவும் இல்லை.

நாற்பத்தொன்பது வயதில் என் பெயரை ஒலிபெருக்கியில் விட்டீர்கள். நாளைக் காலை பங்குச் சாமியாரைப் பார்த்து இதை நிறுத்தச் சொல்லப்போகிறேன். இதற்குமேல் எழுத ஒன்றுமில்லை.

அன்னாள்

*

(உறையின் மேல் அன்னாளின் கையெழுத்தில்: 21 நவம்பர் வியாழன் வந்தது)

ரங்கத் வழி
20 அக்டோபர் 2024

அன்புள்ள அன்னாளுக்கு,

நீ சுகமாக இருக்கிறாயா? நான் சுகம். புயல் எச்சரிக்கைக் கொடி ஏற்றிவிட்டார்கள். படகை ஓடைக்குள் கொண்டுபோய்க் கட்டிவிட்டு வந்து எழுதுகிறேன். இதற்கு முன் எழுதிய தாள்களெல்லாம் அடுப்புக்குப் போய்விட்டன. இது போகாது.

நீ இங்கே வந்தால் யார் வீட்டில் தங்குவாய் என்று ஷைனி கேட்டதை எழுதியிருந்தாய். அந்த வரியை எழுதிவிட்டு நீ உடனே தேர்வுத்தாளுக்குப் போய்விட்டாய். நானும் பதில் சொல்லாமல் நண்டுக்குப் போய்விட்டேன். இப்போது சொல்கிறேன். என் வீட்டில், என் மனைவியாக வந்து தங்கு. உனக்கு விருப்பம் இருந்தால்.

நாம் அத்தை மகன், மாமன் மகள் என்பதால் திருச்சபைச் சட்டப்படி மறைமாவட்ட ஆயரின் அனுமதி வேண்டும். கிடைக்குமா என்று தெரியாமல் உன்னிடம் கேட்டு, பிறகு இல்லை என்றால் உனக்குத்தானே சங்கடம் என்று சாமியாரிடம் முதலில் விசாரித்தேன். கிடைக்கும் என்றார். உன் பங்கிலிருந்து விவரம் மட்டும் கேட்டு அனுப்பப்போவதாகச் சொன்னார். அதற்கு முன் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிடும். அதனால்தான் அவசரமாக எழுதுகிறேன்.

கல்லூரியை விட்டுவிட்டு வா என்று கேட்கவில்லை. உனக்கு இன்னும் சர்வீஸ் இருக்கிறது. லீவுக்கு லீவு வந்தாலும் போதும். நான் ஓய்வு பெற்றால் அங்கேயும் வருவேன். ஆனால் அணை மீனைத் தின்னச் சொல்லாதே.

போன ஞாயிறு ஆளில்லாத அந்தத் தீவுக்குத் தனியாகப் போனேன். ஒரு பெரிய களவா மீன் மாட்டியது. சுட்டேன். மேல் பக்கத்தைத் தின்றுவிட்டுத் திருப்பிப் போட்டால், அடிப்பக்கம் அப்படியே முழுசாக இருந்தது. அதை என்ன செய்வது என்று தெரியாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இல்லை என்று எழுதினாலும் எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

ராயப்பராஜ்

*

திண்டுக்கல்
23 நவம்பர் 2024, சனி

அத்தானுக்கு,

போன ஞாயிறு நான் எழுதிய கடிதம் இதற்கு முன்பே உங்களுக்கு வந்துவிடும். தபாலில் போட்டதைத் திரும்ப வாங்க வழியில்லை. அதைப் படித்துவிட்டு இதையும் படியுங்கள். இங்கே எல்லாரும் நலம். புயலில் உங்கள் கூரை தாங்கியதா?

திங்கட்கிழமை சாமியாரைப் பார்த்தேன். தவறு நடந்துவிட்டதென்று வருத்தப்பட்டார். இனி வாசிக்க மாட்டோம் என்று என் முன்னாலேயே உபதேசியாரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். அதோடு முடிந்தது என்று கல்லூரிக்குப் போனேன். புதன் வரை முடிந்தது போலவே இருந்தது. வியாழக்கிழமை உங்கள் கடிதம் வந்தது.

நான் எதையும் அவ்வளவு சீக்கிரம் நம்புகிறவள் இல்லை. கடிதத்தில் மனிதர்கள் உண்மையைவிட நன்றாக இருப்பார்கள். நீங்கள் குறட்டை விடுவீர்களா, கோபம் வந்தால் என்ன செய்வீர்கள், ஒன்றும் எனக்குத் தெரியாது. என்னைப் பற்றியும் உங்களுக்குத் தெரியாது. காலை காபி குடிக்கும்வரை நான் யாரோடும் பேச மாட்டேன். மாடி அறையில் இத்தனை காலம் தனியாகத் தூங்கிப் பழகியவள். படகில் ஏறியதும் வாந்தி எடுத்தால் நானும் கரையிலேயே நிற்க வேண்டியதுதான்.

இதையெல்லாம் வரிசையாக யோசித்தேன். எல்லாமே வராமல் இருப்பதற்கான காரணங்கள். எல்லாமே சரியான காரணங்கள்.

போன கடிதத்தில் ஒன்றை விட்டுவிட்டேன். ஓலையில் என் பெயரைக் கேட்டதும் கோபம் வந்ததாக எழுதினேன். கோபம் வந்தது உண்மை. ஆனால் உடனே வரவில்லை. உங்கள் பெயரையும் என் பெயரையும் அவர் சேர்த்து வாசித்து முடித்த பிறகு, ஷைனி என் கையைப் பிடிக்கும் வரை, கொஞ்ச நேரம் வேறு ஒன்று இருந்தது. அதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

நாளை ஞாயிறு. இந்தக் கடிதத்தை இன்னும் ஒட்டவில்லை.

24 நவம்பர், ஞாயிறு

முதல் மணி அடிப்பதற்கு முன்பே கோயிலுக்குப் போனேன். உபதேசியார் மைக்குக்கு வயர் செருகிக்கொண்டிருந்தார். ஓலையை வாசிக்கச் சொன்னேன்.

"டீச்சர், சாமி உங்க பேர அடிக்கச் சொல்லி நான் அடிச்சிட்டேனே" என்றார்.

"அடிச்சதத் திருப்பி எழுதுங்க."

"வெளாட்டா டீச்சர் இது? ஒரு வாரம் நிறுத்துங்கங்கிறீக, ஒரு வாரம் வாசிங்கங்கிறீக!"

சத்தம் கேட்டுச் சாமியார் உள்ளிருந்து வந்தார். பூசை உடுப்பு பாதி போட்டிருந்தார். "நல்லா யோசிச்சியாம்மா?" என்று கேட்டார். யோசித்தேன் என்றேன். "ஆயர் அனுமதி வர்ற வரைக்கும் மூணு ஓலை முடிஞ்சாலும் கல்யாணம் கிடையாது. அது தெரியும்ல?" என்றார். தெரியும் என்றேன். அவர் உபதேசியாரைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு உள்ளே போனார்.

வழக்கமாக உட்காரும் கடைசி வரிசையிலேயே உட்கார்ந்தேன். ஷைனியும் பிராங்கிளினும் பிள்ளைகளோடு பிறகு வந்தார்கள். அவர்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. பிரசங்கம் முடிந்து ஓலை வாசித்தார்கள். உங்கள் பெயர், என் பெயர், இது இரண்டாம் ஓலை. தடை தெரிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று சொல்லிவிட்டு உபதேசியார் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். நான் எழுந்திருக்கவில்லை. வேறு யாரும் எழுந்திருக்கவில்லை. ஷைனி இந்த முறை கையைப் பிடிக்கவில்லை. கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தாள்.

வெளியே வந்தபோது, பூக்கடைப் பக்கம் நின்றிருந்த மாயம்மாள் என்ற பெரியம்மா என்னை நிறுத்தினார்.

"ஏம்மா டீச்சரு, மாப்பிள்ள என்ன வேல பாக்காரு?"

"படகு ஓட்டுறாரு" என்றேன்.

"படகா! எந்த ஊருல?"

உங்கள் தீவின் பெயரைச் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. இன்னொரு முறை, கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்.

அன்னாள்